முத்துலட்சுமிக்கு வலிப்பு இல்லை

ஜோ,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். கப்பல் எந்தக் கடலில் போய்க்கொண்டிருக்கிறதோ, பின்னால் எஞ்சின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. "அம்மா, அந்த அக்காவுக்கு ஃபிட்ஸ்னே இருந்துட்டுப் போகட்டும். கல்யாணம் முடியட்டும். நான் வந்து எல்லாத்தையும் சரி பண்ணுதேன். நீங்க மாத்திரைய மறந்துராதிங்க" என்று சொல்லியிருக்கிறாய். மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். சோறுதான் இறங்கவில்லை. போனில் உன்னைத் திட்டலாம் என்றால் சிக்னல் பாதி நேரம் இருக்காது, நான் கத்துவது உனக்குத் துண்டு துண்டாகக் கேட்கும், நீயும் "கேக்கலம்மா, கேக்கல" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதுவதாக நினைக்காதே. அனிஷாவிடம் காட்டுவேன். படிக்கக் கேட்கிற எவருக்கும் கொடுப்பேன். மூடி மூடிப் பேசித்தான் இந்த இடத்தில் வந்து நிற்கிறோம்.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் உனக்கு மறந்துபோனது மாதிரித் தெரிகிறது. நீ கட்டிக்கொள்ளப் போகிற அனிஷாவின் தாய்மாமன் பிரிட்டோ வயரிங் வேலை பார்க்கிறவர். உங்களுக்காகக் கட்டிய மாடியைப் பூசி முடித்ததும் அவராகவே வந்து நின்றார். "மதினி, எங்கக்கா மவளுக்கு நான் செய்ய வேண்டிய முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. நகை போட எனக்கு வசதி பத்தாது. மாடி வயரிங் பூரா என் சீரு. வயரு, சுவிச்சு, போர்டு எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க காப்பி மட்டும் குடுத்தா போதும்" என்றார். உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று. துறைமுகத்தில் கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறவள் நான். ஒரு சரக்குப் பெட்டியின் சீல் கொஞ்சம் நெளிந்திருந்தால்கூடக் கையெழுத்துப் போடமாட்டேன், யார் வந்து பேசினாலும் போடமாட்டேன். ஆனால் சீர் என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஊரில் அதைத் திறந்து பார்ப்பது மரியாதை இல்லை. முறைக்கு வந்த சேலையில் இழை பிரிந்திருந்தால்கூட மடித்து உள்ளே வைத்துவிடுவோம். சுவருக்குள் போகிற வயரை எப்படிக் கேட்பது? கூலிக்கு ஆள் வைத்திருந்தால் உனக்கு லைசென்ஸ் இருக்கிறதா, எர்த் குழி எங்கே தோண்டப் போகிறாய் என்று வரிசையாகக் கேட்டிருப்பேன். பிரிட்டோவிடம் எர்த் குழியைப் பற்றி ஒரே ஒரு தடவை, அதுவும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "இது உப்புத்தண்ணி ஊறுன மண்ணு மதினி. உள்நாட்டுக்காரன் குழி தோண்டி அதுல உப்பக் கொட்டுதான். நமக்கு ஊரே உப்பு. இங்கன எதுக்குத் தனியாக் குழி, சுத்தியும் எர்த்துதான்!" என்றார். கேட்க நன்றாக இருந்தது. நம் ஊரைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால் நாம் நம்பிவிடுவோம்.

பங்குச் சாமியார் வந்து புது மாடியை ஜெபித்து மந்திரித்த அன்று நீயும் லீவில் வந்திருந்தாய். பிரிட்டோ நாம் எடுத்துக்கொடுத்த பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு சாமியாருக்கு முன்னால் ஒவ்வொரு அறையாக லைட்டைப் போட்டுக்கொண்டே போனார். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது, "பாத்து சாமி, போர்டு மேல தெளிச்சிராதிங்க, அப்புறம் எல்லாரும் நேரா மோட்சந்தான்!" என்றார். சாமியாரே சிரித்துவிட்டார். நீதான் ரொம்ப நேரம் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

ஏனென்றால் அந்த வாரமே உனக்குத் தெரியும். மாடியில் துணி துவைக்கிற மிஷின் வைத்த மறுநாள் அதன் மூடியைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு வந்தாய். "சுள்ளுன்னு இருக்கும்மா" என்றாய். பிரிட்டோவைக் கூப்பிட்டோம். "புது மிஷின்லா, கடக்காத்து வேற, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு கரண்ட் கசிந்தால் தானே அணைகிற அந்த சுவிட்ச் அடிக்கடி விழ ஆரம்பித்தது. மறுபடியும் வந்தார். "அத நேர் பண்ணிட்டேன் மதினி, இனிமே விழாது" என்றார். விழவில்லை. நான் அதைக் கேட்டு நிம்மதியானேன். விழுவதுதான் அதன் வேலை என்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ கப்பலில் எஞ்சினியர்.

முதல் தடவை கப்பலிலிருந்து வந்தபோது சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நீ சொன்ன கதை ஞாபகம் இருக்கிறதா? ஒரு மோட்டாரில் கை வைக்க வேண்டுமென்றால் அதன் சுவிட்சை அணைத்து, அதற்குப் பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியை உன் பையில் வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும் என்றாய். "கேப்டனே வந்து கேட்டாலும் சாவியக் குடுக்கக்கூடாதும்மா" என்றாய். எனக்கு எவ்வளவு பெருமை! ஆபீசில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னேன். அப்படிப்பட்ட நீ உன் சொந்த வீட்டில் என்ன செய்தாய்? கடைக்குப் போய் ரப்பர் செருப்பு வாங்கி வந்தாய். எனக்கு ஒரு ஜோடி, அப்பாவுக்கு ஒரு ஜோடி. மிஷின் பக்கத்தில் போட்டுவிட்டு, "இதப் போட்டுக்கிட்டுத் தொடுங்க, ஒண்ணும் செய்யாது. கல்யாணத்துக்கு முன்னாடி அவரப் போய் நோண்டிக்கிட்டு இருக்காதிங்க" என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டாய். நானும் போட்டுக்கொண்டேன், ஜோ. சொரணை இல்லாமல் போட்டுக்கொண்டேன்.

நம் வீட்டில் வேலை செய்கிற முத்துலட்சுமி தன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிறவள். வீட்டுக்குள் அவள் செருப்புக் காலோடு நடந்து நாம் பார்த்ததில்லை. நடந்திருந்தால் நான்தான் முதலில் முகம் சுளித்திருப்பேன். நமக்கு வாங்கிப் போட்ட செருப்பில் அவள் கால் வைக்கமாட்டாள், நாமும் வையென்று சொல்லமாட்டோம். ஈரத்தரையில் நின்று மிஷினிலிருந்து துணி எடுத்துக் காயப்போடுகிறவள் அவள்தான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். செருப்பு வாங்கும்போது அவள் யாருடைய கணக்கிலும் வரவில்லை. வீட்டில் கரண்ட் கசிகிறது என்று தெரிந்த மூன்று பேரும் தங்கள் தங்கள் பாதத்தைப் பார்த்துக்கொண்டோம்.

நீ கப்பலுக்குப் போன பிறகு ஒரு நாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாடியில் வாளி உருண்ட சத்தம் கேட்டது. அப்பா மேலே ஓடினார், ஓடினவர் அதே வேகத்தில் கீழே இறங்கி மெயினை அணைத்தார். அந்தப் புத்தி அவருக்கு வந்ததால்தான் அவள் இருக்கிறாள். அதுவரைக்கும் அவள் கை அந்த மூடியை விட்டு வரவில்லை. விட்டதும் அப்படியே சரிந்து மணிக்கட்டு ஒடிந்தது. வலது உள்ளங்கை வெந்துவிட்டது. கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "யக்கா, அந்த வெள்ளச் சட்ட கீழ விழுந்துட்டு, மறுபடி அலசணும்" என்றாள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பிரிட்டோவுக்குப் போன் போட்டேன். "ஈரக்கையோட தொட்டா எவனுக்கும் அடிக்கத்தான் செய்யும் மதினி" என்றார். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை.

மறுநாள் டவுனிலிருந்து வேறொரு ஒயர்மேனைக் கூட்டிவந்தேன். பெரிய குரல்காரர், வாயில் பாக்கு. மிஷினுக்கான பிளக் இடத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எக்கா, இங்க வந்து பாருங்க" என்றார். உனக்கு இது புரியும், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கரண்ட் வருவதற்கு ஒரு கம்பி, திரும்பிப் போவதற்கு ஒரு கம்பி, மிஷினின் தகரத்தில் கரண்ட் ஏறிவிட்டால் அதை மண்ணுக்குள் இறக்கிவிட மூன்றாவதாக எர்த் கம்பி. நம் மாடியில் அந்த மூன்றாவது கம்பி எங்குமே போகவில்லை. மண்ணுக்குப் போக வேண்டியதை ஒரு விரல் நீள வயரால் திரும்புகிற கம்பியோடேயே முடிந்து வைத்திருந்தார் பிரிட்டோ. அந்தத் திரும்புகிற கம்பியையும் சுவருக்குள் ஒரு இடத்தில் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார். கடல் காற்றில் அது பச்சை பிடித்து விட்டுப்போயிற்று. திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட் முழுக்க அந்த முடிச்சு வழியாக மிஷின் தகரத்தில் வந்து நின்றது. அப்போது காப்பாற்ற வேண்டிய சுவிட்சைத்தான், கரண்ட் அதன் வழியே போகாதபடி, அவர் 'நேர்' பண்ணியிருந்தாரே.

"இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்று கேட்டேன். அந்தப் பெரிய குரல் சின்னதாகிவிட்டது. "அது மட்டும் வேண்டாம்க்கா. பிரிட்டோ நமக்குத் தெரிஞ்ச ஆளு. நாளைக்கி என் வேலைய ஒருத்தன் இப்படித் தொறந்து பாத்து எழுதுனா?" என்றார். என்ன சொல்கிறார் என்பதை அவரே கவனிக்கவில்லை.

சரி, இதுவரைக்கும் நடந்ததை வயரிங் தெரியாத ஒருவரின் அரைகுறை வேலை என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டோவுக்குக் கற்றுக்கொடுத்தவனும் அப்படித்தான் முடிச்சுப் போட்டிருப்பான். அவர் வேலையை எவனும் பார்த்துச் சோதித்ததில்லை. சோதிக்க வேண்டிய நாமும் காப்பி கொடுத்தோம். இதற்காக மட்டும் என்றால் நான் அவரோடு சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அடுத்து நடந்ததற்கு அறியாமை என்று பெயர் வைக்க முடியாது.

அனிஷாவின் அம்மா பழம் வாங்கிக்கொண்டு முத்துலட்சுமியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே என் காதில், "மதினி, இவளுக்கு முன்னாடியே ஃபிட்ஸ் உண்டாம்லா? தம்பி சொல்லுதான். துணி எடுக்கும்போது வந்திருக்கு, பிடிக்க மிஷின் மேல கைய வச்சிருக்கா" என்றார். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. வெந்துபோன உள்ளங்கை எதிரே இருக்கிறது. நான் கையைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது. "ஐயோ பாவம், ஃபிட்ஸாம்லா" என்று என்னிடமே வந்து விசாரித்தார்கள். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்கவும் வேண்டாம், இல்லைங்கவும் வேண்டாம். அவளுக்கு வேண்டியதக் குடுத்துருவோம்" என்றார். அவர் எதற்குமே சண்டை போட்டதில்லை என்று ஊரில் நல்ல பெயர் உண்டு. அந்த நல்ல பெயருக்கு யாரெல்லாம் வலி அனுபவித்தார்கள் என்று நான் இத்தனை வருடம் கேட்டதில்லை.

இனி நீ கவனமாகப் படி. முத்துலட்சுமி நம் வீட்டில் மட்டும் வேலை செய்கிறவள் இல்லை. இன்னும் இரண்டு வீடு உண்டு. ஒன்றில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். கட்டுப் போட்ட கையோடு அவள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "யக்கா, கை கூடுனதும் வாரேன்னு சொல்லப் போனேன். ரெண்டு வீட்டுலயும் வேண்டாம்னுட்டாவ. பிள்ளையத் தூக்கும்போது வந்துட்டா என்ன செய்யங்காவ. எனக்கு எப்பக்கா ஃபிட்ஸ் வந்துச்சு? ஒரு காச்சல் வந்து படுத்திருப்பனா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததைச் சொன்னாள். "வேல போனா வேற வேல பாத்துக்கிடுவேன். எம் மவளப் பாக்க அடுத்த மாசம் வாரதா இருந்தாவ. அம்மாவுக்கு இருந்தா மவளுக்கும் வரும்னு எவனாவது சொல்லி விட்டா நான் எங்கன போயி, யாருட்ட, இல்லன்னு காட்டுவேன்?"

இதைத்தான் நீ 'இருந்துட்டுப் போகட்டும்' என்கிறாய். உன் கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதற்காக அவள் மகளின் கல்யாணம் நின்றுபோகட்டும் என்கிறாய். நீ அப்படி நினைக்கவில்லை என்பாய். நினைக்காமல்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். நம் வீடுகளில் இதெல்லாம் நினைக்காமலே நடக்கும். உடைந்த கையைக் கட்டிவிடலாம். வலிப்பு என்று ஒரு பெண்ணின் பெயரில் ஒட்டவைத்ததை எந்த டாக்டர் வந்து பிரித்தெடுப்பார்? கல்யாணம் முடிந்து நீ வந்து சரி பண்ணுவேன் என்கிறாயே, எதைச் சரி பண்ணுவாய்? வயரை மாற்றுவாய். அவ்வளவுதான் உன்னால் முடியும்.

நான் அந்த இரண்டு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "நீங்க எதுக்கு மேடம் இதெல்லாம் தலையில போட்டுக்கிடுதீங்க, வேலைக்கு ஆளா கிடைக்காது?" என்றார்கள். குழந்தை வீட்டில், "சம்பந்தி வீட்டுலயே ஃபிட்ஸ்னுதான சொல்லுதாங்க, நீங்க மட்டும் மாத்திச் சொன்னா எப்படி?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் ஒருத்தி சொன்னால் அது வேலைக்காரிக்குப் பரிந்து பேசுகிற பேச்சு. பிரிட்டோ பக்கத்து ஆட்கள் சொன்னால்தான் அது உண்மை.

மாடிக்குப் போகிற லைனைத் துண்டித்துவிட்டேன். வயர் முழுவதையும் உருவ ஆள் சொல்லியிருக்கிறேன். மின்வாரிய ஆபீசில் நடந்ததை எழுதி, பிரிட்டோ பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைக் கேள்விப்பட்டு அவர் வந்தார். வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "என் சீரப் பிரிச்சுத் தெருவுல போட்டுட்டீங்கள்லா மதினி! கல்யாணத்துக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?" என்றார்.

"அவளுக்கு ஃபிட்ஸ்னு சொன்ன மூஞ்சியோடயே வாங்க" என்றேன்.

"ஊருல பாதி வீடு இப்படித்தான் ஓடுது. எவன் செத்தான்?"

"அந்தப் பாதி வீட்டுல நீங்க செஞ்சது எத்தன?"

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அப்பா உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து அனிஷா வீட்டிலிருந்து எனக்குப் போன் இல்லை. மண்டபம் பேசியதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாமா என்று யாரோ யாரிடமோ கேட்டதாகக் காதில் விழுந்தது. உனக்கும் அது விழுந்திருக்கும். அதன் பிறகுதான் நீ எனக்கு அந்தக் குரல் செய்தியை அனுப்பினாய்.

கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று சொல்கிற அளவுக்கு நான் துணிந்தவள் இல்லை, ஜோ. நிற்கக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது முன்னைவிடப் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் தனியாக நம் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளா என்று நான் கேட்கவில்லை. "அத்த, எனக்கு அதக் காட்டுங்க" என்றாள். மாடிக்குக் கூட்டிப்போனேன். கழற்றிய பிளக்கையும் அந்த விரல் நீள வயரையும் கையில் வாங்கிப் பார்த்தாள். டார்ச் அடித்துச் சுவருக்குள் கருகியிருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு முத்துலட்சுமி வீடு எங்கே என்று கேட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தே போனாள். அங்கே அந்தக் கையைப் பார்த்தாள். திரும்பி வரும்போது, "எங்க மாமா எனக்குன்னுதான செஞ்சாங்க. என் சீருன்னுதான சொன்னாங்க. அப்ப நாந்தான் அத்த சொல்லணும்" என்றாள்.

நான், "யோசிச்சுச் செய்யம்மா, உங்க வீட்டுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியல" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

அன்று சாயங்காலம் அவள் நம் இரண்டு வீட்டாரும் இருக்கிற கல்யாண குரூப்பில் எழுதினாள். மேடை அலங்காரப் படங்களுக்கும் புடவைப் படங்களுக்கும் கீழே எழுதினாள். 'முத்துலட்சுமி அக்காவுக்கு ஃபிட்ஸ் இல்லை. மாமா போட்ட வயரிங்கில் கரண்ட் அடித்தது. நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஃபிட்ஸ் என்று யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் திரும்பப் போய் இல்லை என்று சொல்லுங்கள்.' அவ்வளவுதான். பிரிட்டோ குரூப்பை விட்டு வெளியேறினார். அவளுடைய சித்தி ஒருத்தி, 'பொண்ணு பேசுற பேச்சா இது' என்று எழுதினாள். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நான் மட்டும், 'அனிஷா சொல்வது உண்மை' என்று எழுதினேன். நான் எழுதினால் அது மாமியார் சண்டை. அவள் எழுதினால் அது வளர்ப்புச் சரியில்லை. ஊரின் தராசு அப்படித்தான் இருக்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறவன் எழுதினால் மட்டும் பேச்சு நின்றுவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அதுதான் நிலைமை. நீ ஒரு வரி எழுதினால் அதை அந்தக் குழந்தை வீட்டில் கொண்டுபோய்க் காட்டுவேன். முத்துலட்சுமி மகளைப் பார்க்க வருகிறவர்களிடமும் காட்டச் சொல்லி அவளிடம் கொடுப்பேன்.

அனிஷா எழுதியதை நீ படித்துவிட்டாய். படித்தவர்கள் பெயரில் உன் பெயர் இருக்கிறது, நான் பார்த்தேன். அதன் பிறகு கடலில் சூரியன் மறைகிற படம் ஒன்றை உன் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாய். அதற்குச் சிக்னல் இருந்திருக்கிறது.

அவள் எழுதியதற்குக் கீழே இன்னும் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண் அங்கே தனியாக நிற்கிறாள், ஜோ. எழுது.

அம்மா